ஜோபர்க்கிலிருந்து ஒரு வார இறுதியில் டர்பன்: தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜோபர்க் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் படிக்க வந்திருக்கும் நம் மாணவர்கள், அறைக்கு மெத்தை வாங்கிப் போட்ட கையோடு விசாரிக்கும் ஊர் டர்பன். வெள்ளி சாயங்காலம் கிளம்பி, திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். அதுதான் எல்லோருடைய கணக்கும். புதிதாக வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நானும் ஊரிலிருந்து இங்கே படிக்க வந்தவன்தான். டர்பன் எனக்கு ரொம்பப் பிடித்த ஊர் என்பதால் பதில்களில் என் விருப்பமும் கலந்திருக்கும்.

இரண்டே நாள் போதுமா?

டர்பனை மட்டும் பார்ப்பதென்றால் போதும். சிலர் இதே இரண்டு நாளில் ஹ்லுஹ்லுவே காட்டுக்குப் போய் காண்டாமிருகமும் பார்க்க வேண்டும், டிராக்கன்ஸ்பர்க் மலையும் ஏற வேண்டும் என்கிறார்கள். அப்படித் திட்டம் போட்டால் வார இறுதி முழுக்க வண்டிக்குள்ளேயே போய்விடும். அகல உழுவதைவிட ஆழ உழுவது நல்லது. காட்டையும் மலையையும் செமஸ்டர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை விடிகாலையில் கடல், அப்புறம் பழைய நகரமும் சந்தையும். ஞாயிற்றுக்கிழமை கோயிலும் காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமமும். நான் யாருக்கும் சொல்வது இதுதான்.

எப்படிப் போவது? பஸ்ஸா, விமானமா, காரா?

சாலை வழியாக ஏறக்குறைய 570 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலை நேரே கொண்டுபோய் விட்டுவிடும். ஜோகன்னஸ்பர்க் பார்க் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் தொலைதூர பஸ்கள் எட்டு மணி நேரம் முன்னே பின்னே எடுத்துக்கொள்ளும். விமானம் ஒரு மணி நேரம்தான். முன்கூட்டியே எடுத்தால் சில சமயம் பஸ் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து டாக்ஸிக்குக் கொடுப்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தனியாக இறங்குபவருக்கு அது கையைக் கடிக்கும். மூன்று நான்கு பேராகப் போனால் விமானம் கட்டுப்படியாகும்.

காரில் போகிறவர்கள் சுங்கச்சாவடிகளுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். இரவில் ஓட்ட வேண்டாம். அந்தச் சாலை துறைமுகத்துக்குப் போகும் லாரிகளால் நிரம்பியது, வான் ரீனன் கணவாயில் பனிமூட்டமும் இறங்கும்.

போகும்போதோ வரும்போதோ, ஒரு வழியாவது பகலில் பயணம் செய்யுங்கள். மணிக்கணக்காகத் தட்டையான புல்வெளியும் சோளக்காடுமாக வந்த சாலை, வான் ரீனனில் சட்டென்று மலையிறங்கத் தொடங்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறிவிடும். தோலில் அந்தப் பிசுபிசுப்பு தெரிந்ததுமே நம்மூர்க் கடற்கரைக்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடும்.

பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டுமா?

படிப்பு விசாவில் இருப்பவர்களுக்கு நாட்டுக்குள் போய்வர வேறு அனுமதி எதுவும் வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் பாஸ்போர்ட், விசா பக்கங்களின் சான்றொப்பமிட்ட நகலை வைத்துக்கொண்டு, அசலை அறையில் பூட்டி வைக்கலாம். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு அசலையும் நகலையும் எடுத்துப் போனால் காசு வாங்காமல் முத்திரை வைத்துத் தருவார்கள்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் ஆகஸ்ட் வரை. ஜோபர்க்கில் குளிரில் விரல் விறைக்கும்போது டர்பனில் பகலில் அரைக்கைச் சட்டை போதும். டிசம்பர், ஜனவரியில் புழுக்கம் தாங்காது. ஜோபர்க்கே குடும்பத்தோடு அங்கே இறங்கியிருப்பதால் அறை வாடகையும் ஏறிவிடும். ஜூலை முதல் சனிக்கிழமையை ஒட்டி கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் நடக்கும். பந்தயம் பார்க்கும் ஆசை இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஈஸ்டர் சமயம் தனி ரகம். அதைக் கோயில் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எங்கே தங்கலாம்?

கடலோரம் வேண்டுமென்றால் நார்த் பீச் பக்கம். மாணவர்கள் கூட்டமாகத் தங்கும் மலிவு விடுதிகள் மார்னிங்சைட், கிளென்வுட் பகுதிகளில் கிடைக்கும். நகர மையத்தில் அறை மலிவாகக் காட்டும், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு வெளியே கால் வைக்க முடியாத இடத்தில் மிச்சம் பிடித்து என்ன பயன்?

பாதுகாப்பு எப்படி? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானதுதான், ஆனால் போகாமல் இருப்பதற்கு அது காரணமில்லை. ஜோபர்க்கில் எப்படி நடந்துகொள்கிறீர்களோ அப்படியே அங்கேயும் இருங்கள். போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். தெருவோர ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். மாலுக்குள் இருக்கும் ஏடிஎம் தேவலை. இருட்டிய பிறகு எவ்வளவு பக்கமாக இருந்தாலும் ஊபரோ போல்ட்டோ பிடியுங்கள். வண்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள். சந்தைப் பகுதிக்கு ஒரு சின்னப் பையோடும், அன்றைக்கு வேண்டிய சில்லறை ராண்ட் நோட்டுகளோடும் மட்டும் போங்கள்.

முடிந்தால் குழுவாகப் போங்கள். தனியாகப் போகும் பெண்கள், வழிகாட்டியோடு நடக்கும் நகர நடைகளில் சேர்ந்துகொள்ளலாம். வார்விக் சந்தைகளுக்கு அப்படி ஏற்பாடு இருக்கிறது, அதில் போனால் வியாபாரிகளோடு பேசவும் வழி பிறக்கும்.

கடலில் குளிக்கலாமா? சுறா இருக்கிறதாமே?

டர்பன் கடற்கரையில் 1952 முதலே சுறாத் தடுப்பு வலைகள் போட்டிருக்கிறார்கள். அதைவிட அலையின் இழுப்புக்குத்தான் அஞ்ச வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்பாளர்களின் கண்பார்வையில் மட்டும் இறங்குங்கள். மெரினாவில் முழங்கால் நனைத்த அனுபவம் இங்கே உதவாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த பெருவெள்ளம் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. கழிவுநீர்க் கட்டமைப்பும் அப்போது உடைந்து, அதன் பிறகு கடல்நீர் கெட்டுப்போய்ச் சில கடற்கரைகளை அவ்வப்போது மூட வேண்டி வந்தது. கிளம்பும் முன் எத்தெக்வினி எனப்படும் டர்பன் மாநகராட்சியின் அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருக்கிறது என்று போட்டிருந்தால் இறங்கவே இறங்காதீர்கள்.

குளிக்காவிட்டாலும் விடிகாலையில் அங்கே இருங்கள். கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்தே எழும்பும். ஜூனில் ஏழு மணிக்குச் சற்று முன், டிசம்பரில் ஐந்துக்கும் முன். மீன் தூண்டில்காரர்கள் மேடைகளில் வரிசையாக நிற்பார்கள், அலைச்சறுக்குப் பிள்ளைகள் பலகையோடு ஓடுவார்கள், தாத்தா பாட்டிகள் கைகோத்து நடப்பார்கள். சனிக்கிழமை காலையில் நார்த் பீச்சில் பார்க்ரன் ஓட்டம் நடக்கும். கட்டணம் இல்லை, ஓட முடியாதவர்கள் நடக்கலாம்.

பழைய இந்தியர் கடைத்தெரு எங்கே? வரைபடத்தில் கிரே ஸ்ட்ரீட் காணவில்லையே.

பெயர் மாறிவிட்டது. கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட் பெர்த்தா ம்கீஸே ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட் டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜும்மா மசூதியில் தொடங்குங்கள். 1881-ல் முதலில் கட்டப்பட்டு, பிறகு பெரிதாக்கப்பட்டது. மதரசா ஆர்கேட் வழியாக உள்ளே நுழைந்தால் துணிக்கடை, பாத்திரக்கடை, தையல் கடை என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அங்கிருந்து விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். 1973-ல் பழைய சந்தை தீயில் எரிந்துபோனது. இப்போது இருப்பது பின்னால் எழுந்த கட்டடம். மசாலாக் கடைகளின் முன்னால் நில்லுங்கள். தட்டுகளில் கூம்பு கூம்பாகக் குவித்த பொடிகள், செங்கல் சிவப்பிலிருந்து மஞ்சள் வரை, ஒவ்வொன்றின் உச்சியிலும் பெயர் எழுதிய அட்டை. மிகக் காரமான பொடிக்கு மாமியாரை ஒழித்துக்கட்டும் பொடி என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போடுவார். முகர்ந்து பாருங்கள்: மிளகாய், மல்லி, சோம்பு, பட்டை. நம் வீட்டுக் குழம்புப் பொடிக்கு ஒரு படி தள்ளி நிற்கும் வாசம்.

பக்கத்தில் வார்விக் சந்திப்பு. அங்கே 1910-ல் தொடங்கிய விடியற்காலைச் சந்தை இருக்கிறது. இந்தியத் தோட்டக்காரர்கள் கீரையும் காயும் கொண்டுவந்து விற்ற இடம். 2009-ல் அதை இடித்து மால் கட்ட முயன்றபோது வியாபாரிகளும் ஊர் மக்களும் போராடித் தடுத்தார்கள். இன்று கறிவேப்பிலைக்கட்டும் பாகற்காயும் ஒரு பக்கம், சூலு பாட்டிமாரின் பூசணியும் கீரையும் மறுபக்கம். நீங்கள் டர்பனில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் கடலைக்கூட விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்பேன்.

பன்னி சௌ என்றால் என்ன? எப்படிக் கேட்டு வாங்குவது?

வெள்ளை ரொட்டியை அறுத்து, நடுவிலுள்ள மெத்தென்ற பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சுடச்சுடக் கறியை ஊற்றித் தருவது. தோண்டிய துண்டையே மேலே மூடியாக வைப்பார்கள். கால் ரொட்டி, அரை ரொட்டி, முழு ரொட்டி என்று அளவு. கால் ரொட்டி மட்டன் வேண்டுமென்றால் "குவார்ட்டர் மட்டன்" என்று சொன்னால் போதும். நன்றாகப் பசித்தவருக்கே அது தாராளம். ஸ்பூன் கேட்காதீர்கள். முதலில் மூடித்துண்டைக் கிள்ளி குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள், அப்புறம் சுவரை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே வாருங்கள். அடி ரொட்டி கறியில் ஊறிச் சிவந்திருக்கும். அதுதான் கடைசிக் கவளம். தொட்டுக்கொள்ள கேரட், வெங்காயம், பச்சை மிளகாய் கலந்த சம்பல் வரும்.

எந்தக் கடை நல்லது என்று கேட்டால் ஊரே இரண்டுபடும். உம்பிலோ பக்கம் கவுண்டன்ஸ், உம்கேனி ரோட்டில் பிரிட்டானியா ஹோட்டல் இரண்டும் பல காலமாகப் பேர் சொல்லும் இடங்கள்.

நான் சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. பீன்ஸ் பன்னி கேளுங்கள். சுகர் பீன்ஸ் எனும் பெரிய பயறை மசாலாவில் குழைய வேகவைத்தது. எனக்கு மட்டனைவிட அதுதான் பிடிக்கும். ரொட்டி ரோல், உருளைக்கிழங்கு சமோசா, பருப்பு வடை எல்லாம் தெருமுனைக் கடைகளில் கிடைக்கும். டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் 1985-ல் திறந்த ஹரே கிருஷ்ணா கோயிலிலும் சைவ உணவகம் உண்டு.

டர்பனில் இவ்வளவு தமிழர்கள் எப்படி வந்தார்கள்?

கரும்புக்காக. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் வெள்ளை முதலாளிகளின் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். மதராசிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். 1911-ல் இப்படி ஆள் கொண்டுவருவது நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் வந்தார்கள். பெரும்பகுதியினர் மதராஸ் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் தெலுங்கர்களும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது தலைக்கு 3 பவுன் ஆண்டு வரி போட்டார்கள். மாதம் சில ஷில்லிங் கூலி வாங்கியவருக்கு அது எப்படிப்பட்ட சுமை என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் நிம்மதியில்லை. மாநகராட்சிக்காகத் தெருக்கூட்டி, குப்பை அள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும். அவர்கள் குடியிருந்த இடம் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த மேகஸின் பேரக்ஸ். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து, நிறவெறி அரசு 1950-ல் கொண்டுவந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் அந்தக் குடியிருப்பு 1960-களில் காலி செய்யப்பட்டது. குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. இன்று நாம் கடற்கரை நடைபாதையில் படம் எடுத்துக்கொள்கிறோம். நிறவெறிக் காலத்தில் அந்தக் கடற்கரைகளும் இனவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன.

அங்கே தமிழில் பேசலாமா?

வணக்கம் சொல்லலாம், வணக்கம் திரும்ப வரும். அதற்கு மேல் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஐந்தாறு தலைமுறை கடந்துவிட்டது. பள்ளியில் தமிழுக்கு இடம் கிடைக்கவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. வீட்டில் தாத்தா, பெரியம்மா, ரசம் எல்லாம் பிழைத்திருக்கின்றன. நம் கவுண்டர் அங்கே கவெண்டர், முதலி மூட்லி. தேவாரமும் மாரியம்மன் தாலாட்டும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுபவர்கள் உண்டு. தயவுசெய்து யாருடைய உச்சரிப்பையும் திருத்தாதீர்கள். "தமிழர்தானே, தமிழ் தெரியாதா?" என்ற கேள்வியையும் ஜோபர்க்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மொழி கைநழுவியும் தெய்வத்தையும் காவடியையும் விடாமல் காப்பாற்றியவர்கள் அவர்கள். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றே கூப்பிடுங்கள், ஊர் வழக்கம் அது.

நீங்கள் அவர்களுக்கு உண்மையாகவே உதவக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம் என்று பதிவு செய்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் தங்கள் முன்னோரைக் கண்டுபிடித்தவர்கள் பக்கத்தின் படத்தைப் போனில் வைத்திருப்பார்கள். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் எடுத்துக் காட்டுவார்கள். வட ஆற்காடு, சித்தூர், செங்கல்பட்டு என்று மாவட்டம் புரியும். கிராமத்தின் பெயர் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கும். உட்கார்ந்து நிதானமாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாக்கமா, பட்டியா, குப்பமா என்று நம் காதுக்குப் பிடிபடும். ஊரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தேடிக் குறித்துக் கொடுங்கள். நிச்சயமாகத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ஊகத்தை உண்மையாக்கிவிட்டால் அவர்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு தப்பான ஊருக்குப் போய் நிற்பார்கள்.

எந்தக் கோயிலுக்குப் போவது?

பெல்லேர் ரோட்டில் உள்ள அம்பலவாணர் ஆலயம். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை வெள்ளம் கொண்டுபோக, இன்றைய கோயில் 1947-ல் எழுந்தது. பழைய கோயிலிலிருந்து காப்பாற்றிய செதுக்குக் கதவுகளை இங்கே வைத்திருக்கிறார்கள். புனித வெள்ளியன்று இங்கே தீமிதி. மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்களிலும் அந்த நாளில் திருவிழாக் கூட்டம் அலைமோதும். தோட்டத்தில் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது ஈஸ்டருக்குத்தான், அதனால் அம்மன் திருவிழா அதோடு ஒட்டிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆடி மாதத்தில் போனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பார்க்கலாம், உங்களுக்கும் ஒரு கிண்ணம் கிடைக்கும்.

காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமம் பார்க்க வேண்டியதா?

கட்டாயம். ஊருக்கு வடமேற்கே இனாண்டாவில் இருக்கிறது. 1904-ல் காந்தி நிலம் வாங்கி அமைத்த குடியிருப்பு. ஒரு காலத்தில் தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த இந்தியன் ஒப்பீனியன் இதழின் அச்சகம் இங்கேதான் ஓடியது. 1985 கலவரத்தில் காந்தி வாழ்ந்த சர்வோதயா வீடு எரிந்தது, பின்னர் திரும்பக் கட்டி 2000-ல் திறந்தார்கள். பலர் இதைக் காந்தியின் கதையாக மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் முதலாளி அடித்ததில் முன்பல் உடைந்து, இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அவர் அலுவலகத்தில் வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழ் ஒப்பந்தக் கூலி. அந்த 3 பவுன் வரியையும் எதிர்த்து நடந்த 1913 போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களிலும் தமிழர் ஏராளம். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை உங்கள் ஜோபர்க்கிலேயே, பிராம்ஃபோன்டெயின் இடுகாட்டில் இருக்கிறது. டர்பன் கிளம்பும் முன் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து சில கிலோமீட்டரில் ஓலாங்கே பள்ளி. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவியது. 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்வின் முதல் ஓட்டை இங்கே போட்டார். இனாண்டாவுக்கு ஊர் தெரிந்த வழிகாட்டியோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறங்கலாமா?

காரில் போகிறவர்கள் இறங்கலாம். டர்பனுக்கு 80 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்ட ஸ்டேஷனில் ஒரு நினைவுப் பலகை உண்டு. பஸ்ஸில் போகிறவர்கள் இதற்காக இறங்கி ஏற வேண்டாம்.

உஷாகா, ஸ்டேடியம் எல்லாம்?

உஷாகா மரைன் வேர்ல்டில் மீன் காட்சியகம் நன்றாகவே இருக்கும், ஆனால் அரை நாள் போய்விடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சரி. 2010 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மோசஸ் மபீடா ஸ்டேடியத்தின் 106 மீட்டர் வளைவைக் கடற்கரையிலிருந்தே பார்க்கலாம். இரண்டு மணி நேரம் கையில் மிச்சமிருந்தால் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. 1849-ல் தொடங்கிய அந்தப் பூங்காவில் வுட்ஸ் சைக்காட் என்ற மரம் இருக்கிறது. 1895-ல் ஙோயே காட்டில் அதில் ஓர் ஆண் மரம் மட்டும் கிடைத்தது. பெண் மரம் இன்றுவரை எங்கேயும் அகப்படவில்லை. உலகத்தில் இருக்கும் மற்ற வுட்ஸ் சைக்காட்கள் எல்லாம் அதன் பக்கக்கன்றுகளிலிருந்து வந்தவை.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

மசாலாதான். அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், வாசம் போய்விடும். கடையிலேயே இரண்டு உறை போட்டு ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பை முழுக்கச் சிவந்துவிடும். ஞாயிறு பஸ்ஸுக்கு இருக்கையை வெள்ளிக்கிழமையே பதிவு செய்துவிடுங்கள். இரவு பஸ் என்றால் விடியும் முன்பே பார்க்ஸ்டேஷனில் இறக்கிவிடக்கூடும். வெளிச்சம் வரும்வரை உள்ளேயே இருந்துவிட்டு, அப்புறம் வண்டி பிடியுங்கள்.